பதினெட்டு டிகிரி

ஏரி என்று பேர். தண்ணீர் நிற்பது
வருடத்தில் மூன்று வாரம்.
மிச்ச நாளெல்லாம் உப்பும் விரிசலும்,
நெவாடா வெயில் மல்லாந்து கிடக்கும் வெள்ளைத் தரை.
டயர் தடம் விழுந்தால் அடுத்த மழைவரை அழியாது.

செப்டம்பர். சனிக்கிழமை. காலை ஏழேகால்.
ஏவுதண்டில் நிற்கிறது நம் ராக்கெட், ஓரின்.
இரண்டு அடுக்கு, என்னைப்போல் இரண்டு ஆள் உயரம்.
கீழே நீ பூசிய ஆரஞ்சு,
மேலே நான் பூசிய கறுப்பு.
வானத்தில் கறுப்பு தெரியாது என்றாய்.
தெரியும்.

ஏணியில் நான் மட்டும்.
மற்றவர்கள் கயிற்றுக்கு அப்பால்.
முதலில் நிமிர்த்தவேண்டும், பிறகுதான் உயிர் கொடுக்கவேண்டும்.
படுத்திருக்கும் ராக்கெட்டின் சுவிட்சைத் தொடாதே:
எட்டு வருடத்தில் நாம் சண்டை போடாத ஒரே விதி.

முதல் திருகு. கணினி விழித்தது, மூன்று பீப்.
இரண்டாம் திருகு.
பாட்டரிக்கும் மேலடுக்கின் திரிக்கும் நடுவில்
கடைசியாக இருந்த இடைவெளியும் மூடியது.
முகத்தை விலக்கிக்கொண்டு,
மூச்சையும் கொஞ்சம் விலக்கிக்கொண்டு
இறங்கினேன்.

நேற்றிரவு மோட்டலில்
பீன்ஸ் டப்பாவைச் சுரண்டியபடியே
முப்பது வை என்றாய்.
முப்பது சாய்ந்தாலும் மேலேதானே போகும்,
இந்த மோட்டார் என்ன விலை தெரியுமா?
தெரியும், பாதி என் காசு.
ஆனால் முப்பதில் பற்றிக்கொண்டால்
அது யார் கூரை என்று விசாரிக்காமல்
கிளம்பிவிட்ட அம்பு.
பதினெட்டு என்று தட்டினேன்.
பதினெட்டைத் தாண்டிச் சாய்ந்தால் பற்றாதே.
சொன்ன நேரத்தில் சொன்ன உயரம் எட்டாவிட்டாலும் பற்றாதே.
நீ பல் துலக்கப் போய்விட்டாய்.
வெகுநேரம் துலக்கினாய்.

"ஓரின் ஸ்கோஃபீல்ட், லோரெட்டா டாகெட்,"
பெர்னீஸ் ஹாலோரன் மைக்கில் சொன்னாள், ஜலதோஷக் குரலில்.
ஐந்து, நான்கு. மூன்றில் ஒரு தும்மல்.

கீழடுக்கு பிடித்தது.
சத்தம் காதுக்கு இல்லை, விலா எலும்புக்கு.
மூன்று வினாடி நெருப்பு.
பிறகு ஆரஞ்சு கழன்று பின்தங்க,
தரையில் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு காற்று
கறுப்பின் தோளில் கை வைத்தது.

ஒன்று. இரண்டு.
இப்போது பற்றவேண்டும்.

மூன்று.

கோணல் கோடாக அது போய்க்கொண்டே இருந்தது
ஒன்றும் சொல்லாமல்.
கூட்டத்தில் யாரோ ச்ச் என்றார்கள்.
நீ தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தாய்,
அங்கே ஏதோ எழுதியிருப்பதைப்போல.
அப்புறம் உச்சியில் கடுகளவு புகை.
பாராசூட்.

ஒன்றரை மைல் நடந்தோம்.
இறங்கிவிட்டது, அடங்கிவிடவில்லை.
வயிறு நிறைய மருந்து, வாயில் திரி.
உன்னைத் தூரத்தில் நிறுத்திவிட்டு
வாலுக்கும் நேரே போகாமல் மூக்குக்கும் நேரே போகாமல்
பக்கவாட்டில் போய் மண்டியிட்டேன்.
திருகைத் திருப்பினேன். பீப் நின்றது.
திரியின் கம்பிகளைப் பிடுங்கி
இரண்டு முனையையும் ஒன்றாக முறுக்கினேன்.
அதன் பிறகே கையசைத்தேன், வா என்று.

சாய்வு: இருபத்து நான்கு புள்ளி ஒன்று.
அனுமதி: இல்லை.
திரையை நீ இரண்டு தரம் படித்தாய்.
முப்பதென்றால் பற்றியிருக்கும்.
அதை நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அது சாய்ந்த திசையில் பார்த்தேன்.
எச்செவெரியின் தண்ணீர் லாரி
மாடுகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது,
பின்னால் நீளமாகத் தூசியை இழுத்துக்கொண்டு.
ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு ஆடியது.
நாமும் ஆட்டினோம்.

திரும்பும் வழியில், கறுப்பைத் தோளில் சுமந்தபடி,
பதினாறு ஆக்கிவிடலாமா என்றாய்.
பதினெட்டு போதும் என்றேன்.
முதலில் போய் அந்தப் பீன்ஸ் டப்பாவை எறி,
அறையெல்லாம் எறும்பு.